இரண்டு பெட்டி ரயில்

கலாப்ரியாவின் கீழ்க்கடற்கரையில்
இந்த ரயிலுக்கு இரண்டே பெட்டிகள்.
பாதி ஜன்னல்கள் திறக்கா,
திறந்தவை மூடா.
இடப்பக்கம் அயோனியக் கடல்,
அவசரமில்லாமல் கூடவே நடந்து வருகிறது.

டிக்கெட் பார்க்கும் ஜெசுவால்தோ
என் சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு
"மேலே பஸ் போகிறதே,
மூன்று மணி நேரம் மிச்சமாகுமே" என்றார்.
மிச்சமானதை எங்கே வைப்பது என்றேன்.
தொப்பியைக் கழற்றி
எதிரில் உட்கார்ந்துவிட்டார்.

அப்படித்தான் அந்தப் பியானோ வந்தது.

ஐம்பத்தொன்பது, டிசம்பர்.
தெற்கே முனையில் ஒரு கப்பல் முட்டி உடைந்தது.
விடியலில் பார்த்தால்
மணலில் ஒரு பியானோ,
மூன்று காலோடு, நனைந்த மாடு மாதிரி.
ஆறு பேர் தூக்கியும் அசையவில்லை.
கோயிலுக்கு என்றார் பாதிரியார்,
பள்ளிக்கூடத்துக்கு என்றார் மேயர்.
வாய்ச்சண்டை முடிவதற்குள்
கொடுத்த கடலே எடுத்துக்கொண்டது.
"அந்த ஆறு பேரில் எங்கப்பாவும் ஒருத்தர்.
நான் அப்போது பிறக்கவில்லை."
பச்சைக் கொடி காட்ட எழுந்து போனார்.

எதிர் ரயிலுக்காக நாற்பது நிமிஷம் நின்றோம்.
நிலையத்துக் காபிக்கடையில் பாந்தலெயோனே
கோப்பையைத் துடைத்தபடி,
"பியானோவாவது! அது சவப்பெட்டி.
காலி.
எங்கள் நோட்டரிக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது.
பார்த்த நாளிலிருந்து
அவர் லஞ்சம் வாங்கவில்லை,
மூன்று மாதம்."

அதிமதுர வேர் மூட்டையோடு
அக்காளும் தங்கையும் ஏறினார்கள்.
கல்யாணப் பெட்டி என்றாள் அல்பீனா,
பட்டும் சீப்பும் கண்ணாடியும்.
எர்சீலியா வேரை மென்றுகொண்டே
இல்லை, இல்லை என்று தலையாட்டினாள்.
காளை. கொம்பு இருந்தது. மூச்சும் இருந்தது.
எத்தனை பேர் தூக்கினார்கள் என்றேன்.
ஆறு பேர் என்றார்கள் இருவரும்,
ஒரே குரலில், ஒருவரை ஒருவர் முறைத்தபடி.

மத்தியானம் தெற்கிலிருந்து காற்று கிளம்பியது.
இங்கே அதைத் தென்றல் என்று சொல்ல முடியாது.
ஆப்பிரிக்க மணலை அள்ளி வந்து
ரொட்டியில், கண்ணில், பல்லிடுக்கில் வைக்கிறது.
தண்டவாளத்தோரச் சப்பாத்திக்கள்ளி
பழத்தோடு சிவந்து நின்றது.
யாரும் பறிக்கவில்லை.
ரயில் இன்னும் மெதுவாகி
ஒரு சைக்கிள் எங்களைத் தாண்டிப் போனது.

கடைசி நிலையம். எனக்கு இருமல்.
மருந்துக்கடையில் ஒர்த்தென்சியா,
எழுபதைத் தாண்டியவர்,
மேஜையைவிட்டு எழாமலே ஒரு டப்பாவை நீட்டினார்.
பியானோவைக் கேட்டேன்.
"ஒன்றும் வரவில்லை" என்றார்.

சில்லறை எண்ணினார். பிறகு,
"எனக்கு எட்டு வயது.
அப்பாவின் படகு திரும்பவில்லை.
ஊரில் கரண்டு போய்விட்டது.
கரையில் தனியாக நிற்கப் பயமாக இருந்தது.
படகைத் தேட வாருங்கள் என்றால்
அந்தக் குளிரில் யார் வருவார்கள்?
என்னவோ கரை ஒதுங்கியிருக்கிறது என்று கத்திக்கொண்டே ஓடினேன்.
என்னது என்ன என்னது என்றார்கள்.
தெருவுக்கு ஒன்று சொன்னேன்.
அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் ஓடி வந்தார்கள்,
இலவசமாகக் கிடைக்குமென்றால் வராமலா?
கையில் விளக்கு, விளக்கு, விளக்கு.
கரை முழுக்க."

படகில் எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை.
"இரண்டு யூரோ நாற்பது" என்றார்.

மறுநாள் அதே ரயில். இப்போது கடல் வலப்பக்கம்.
"கீழே என்ன சொன்னார்கள்?"
ஜெசுவால்தோ என் சீட்டை வாங்கிக்கொண்டார்.
பியானோதான் என்றேன்.
"எத்தனை கால்?"
மூன்று.
சீட்டில் ஓட்டை போட்டுத் திருப்பித் தந்தார்.
பக்கத்துப் பெட்டியில் யாரோ
"காளைடா அது" என்று கத்தியது கேட்டது.